‘ஹாட் டிஸ்கில் இருக்கிறதுதானே’ என்று இருந்துவிட்டேன்

முல்லைத்தீவு மாவட்டத்திலிருந்து ஒரு ரீச்சர் நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் சாரத்தை மட்டும் தருகிறேன்.

2009இல் அவர்கள் வீட்டு அல்பங்கள் அத்தனையும் போய்விட்டன. சொப்பிங் பையில் சுற்றிக் கொண்டுவந்த சான்றிதழ்கள் மட்டும்தான் மிஞ்சின. சில வருடங்கள் கழித்து கனடாவில் இருக்கும் சித்தி, தன்னிடம் கிடந்த பழைய படங்களைத் தேடியெடுத்து 63 படங்களை வட்ஸ்அப்பில் அனுப்பினார். காலமான அப்பாவின் முகம் தெளிவாகத் தெரியும் ஒரே படம் அதற்குள்தான் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் தவறிப்போன அம்மாவின் குரல் 40 நிமிடம் போனில் பதிவாகியிருக்கிறது. இவற்றோடு பிள்ளைகளின் படங்கள், பள்ளிக்கூட விழா வீடியோக்கள், காணிப் பெர்மிட்டின் ஸ்கேன், வினாத்தாள்கள் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 180 ஜிபி.

2021இல் ஒன்லைன் வகுப்புக்காக ஒரு லப்டொப் வாங்கினார். அது மெதுவானபோது 1 டிபி வெளி ஹாட் டிஸ்க் ஒன்றை வாங்கி, எல்லாவற்றையும் ‘கட்’ செய்து அதில் போட்டார். முக்கியமான சிலவற்றுக்கு லப்டொப்பின் டி டிரைவில் ஒரு கொப்பி இருக்கிறது. எதை எப்போது போட்டார் என்பது நினைவில்லை. டிஸ்க் எந்நேரமும் லப்டொப்பில் செருகியபடியே இருக்கும். லப்டொப்பின் பற்றரி செத்துவிட்டது, கரண்ட் இருந்தால்தான் ஓடும். போன மாதம் ஒரு மழைநாளில் கரண்ட் போய்வந்த பிறகு டிஸ்கைத் திறக்கப்போனால், ‘ஃபோர்மட் செய்யவேண்டும்’ என்று கேட்டது. பக்கத்து வீட்டுத் தம்பி, “ஓகே குடுங்கோ ரீச்சர், சரியாகிடும்” என்றாராம். ரீச்சருக்கு மனம் வரவில்லை, மூடிவைத்துவிட்டார். அடுத்த நாள் டிஸ்க் வழக்கம்போலத் திறந்தது.

இப்போது வீட்டில் ஆளுக்கொரு கருத்து. “டி டிரைவில் இருக்கிறதுதானே, ஏன் காசைக் கரியாக்குகிறாய்” என்கிறார் கணவர். “எல்லாவற்றையும் கிளவுட்டில் (இணையத்தில் இருக்கும் சேமிப்பிடம்) போடு அக்கா, டிஸ்க்கே வேண்டாம்” என்கிறார் லண்டனில் இருக்கும் தம்பி. “எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்) வாங்குங்கள், ஆயுளுக்கும் பயமில்லை” என்கிறார்கள் கடையில். யார் சொல்வதைக் கேட்பது என்பதுதான் கேள்வி.

ரீச்சர், முதலில் ஒன்று. அந்த ஓகேயை அழுத்தாமல் விட்டது நீங்கள் செய்த மிகச் சரியான காரியம். ஃபோர்மட் என்பது டிஸ்கைச் சரியாக்கும் வேலை இல்லை. எந்தப் படம் டிஸ்கின் எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்லும் அட்டவணையை, விண்டோஸ் வழக்கமாகச் செய்யும் ‘குயிக் ஃபோர்மட்’ புதிதாக, வெறுமையாக எழுதிவிடும். வகுப்பில் பிள்ளைகள் எல்லோரும் இருக்கிறார்கள், ஆனால் இடாப்பில் ஒரு பெயரும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு புதிதாக எதையாவது அந்த டிஸ்கில் போடும்போதுதான் பழைய படங்கள் உண்மையாகவே அழியத் தொடங்கும். கிளிநொச்சியில் கணினி திருத்தும் வேலையில் இருக்கிறேன். என் மேசைக்கு வந்த டிஸ்குகளில் பழுதாகிப் போனவை பாதி, நல்ல மனதோடு யாரோ கொடுத்த ஓகேயால் போனவை மீதி.

டிஸ்க் ஏன் அப்படிக் கேட்டது என்பதற்குக் காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. வெளி ஹாட் டிஸ்குக்குத் தனியாகக் கரண்ட் இல்லை; லப்டொப்பின் யூஎஸ்பி வழியாகத்தான் அது உயிர் வாழ்கிறது. பற்றரி செத்த லப்டொப்பில் கரண்ட் போனால் இரண்டும் ஒரே நொடியில் அணைகின்றன. அந்த நொடியில் டிஸ்க் தன் அட்டவணையில் எதையாவது எழுதிக்கொண்டிருந்தால், பாதி எழுதிய பக்கம்தான் மிஞ்சும். அதனால் உங்கள் டிஸ்க் செத்துக்கொண்டிருக்கிறது என்று இப்போதே முடிவுகட்டவேண்டாம். நம்பவும் வேண்டாம்.

இந்தக் கிழமையே செய்யவேண்டியது

டிஸ்கைக் கழற்றி வையுங்கள். அடுத்த முறை அதைச் செருகுவது கொப்பி எடுப்பதற்காக மட்டும் இருக்கட்டும். மழையும் மின்னலும் இல்லாத ஒரு பகல், அசையாத மேசை, வேறொரு நல்ல கேபிள். பற்றரி நன்றாக இருக்கும் லப்டொப் ஒன்றைப் பள்ளிக்கூட நண்பர் யாரிடமாவது இரண்டு மணித்தியாலம் கேட்டு வாங்க முடிந்தால் இன்னும் நல்லது.

எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தெரிவுசெய்து இழுக்கவேண்டாம். முதலில் சித்தி அனுப்பிய 63 படங்கள். அடுத்தது அம்மாவின் குரல். மூன்றாவது பத்திரங்களின் ஸ்கேன். இந்த மூன்றையும் லப்டொப்பிலும் ஒரு பென்டிரைவிலும் போட்டுவிட்டுத்தான் மற்றதைத் தொடவேண்டும். படம் ஒன்று 2 எம்பி என்றாலும் 63 படம் 126 எம்பிதான். 40 நிமிடக் குரல்பதிவு, சாதாரணத் தரத்தில், 40 எம்பிக்குள் அடங்கும். அதாவது உங்கள் வீட்டில் திரும்பக் கிடைக்கவே கிடைக்காதது 1 ஜிபி கூட இல்லை. மற்ற 179 ஜிபியும் முக்கியம்தான், ஆனால் அதற்கு அவசரம் வேறு.

‘கொப்பி’ மட்டும் செய்யுங்கள்; ‘கட்’ என்ற சொல்லை இனி இந்த வேலையில் மறந்துவிடுங்கள். ஏதாவது ஒரு படத்தில் கொப்பி நின்றுவிட்டால் ‘ஸ்கிப்’ கொடுத்து அடுத்ததுக்குப் போங்கள். ஒரு படத்துக்காகப் பத்துத் தடவை முயல்வது டிஸ்கை வருத்தும். ‘டிஸ்கில் பிழை இருக்கிறது, திருத்தவா’ என்று விண்டோஸ் கேட்டால் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லுங்கள். திருத்துவது என்றால் எழுதுவது. சந்தேகமான டிஸ்கில் எதையும் எழுதக்கூடாது, வாசிக்க மட்டும்தான் வேண்டும்.

இன்னொன்று. டிஸ்கிலிருந்து ‘டிக்… டிக்…’ என்று சீராகச் சத்தம் வந்தால் அந்தக் கணமே கழற்றிவிடுங்கள். உள்ளே கண்ணாடிபோல மினுங்கும் தட்டு நிமிடத்துக்கு 5400 தடவை சுழல்கிறது. அதை வாசிக்கும் முனை தட்டைத் தொடுவதில்லை, சில நனோமீற்றர் உயரத்தில் மிதக்கிறது. தலைமயிர் ஒன்றின் தடிப்பு அதைப்போலப் பல ஆயிரம் மடங்கு. அந்த முனை பழுதாகித் தட்டில் உரசினால், உரசிய இடத்தில் இருந்த படத்தை யாராலும் மீட்கமுடியாது. முனை மாற்றுவதற்குத் தூசியில்லாத தனி அறையும் அதே மாதிரி இன்னொரு டிஸ்கும் வேண்டும். என் கடையில் அந்த வசதி இல்லை. ‘திறந்து பார்த்துத் தருகிறேன்’ என்று சாதாரண மேசையில் வைத்து ஸ்குரூவைக் கழற்றுபவரிடம் உங்கள் அப்பாவின் படத்தைக் கொடுக்காதீர்கள்.

டி டிரைவ் என்பது இன்னொரு டிஸ்க் இல்லை

உங்கள் கணவர் சொல்வதைத்தான் வன்னியில் பத்தில் எட்டு வீட்டில் கேட்கிறேன். அவர்களில் தவறில்லை, அந்தப் பழக்கத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. விண்டோஸ் பழுதானால் கடைக்காரர் சி டிரைவை மட்டும் அழித்துப் புதிதாகப் போடுவார். டி டிரைவில் இருந்தது தப்பிவிடும். அதைப் பார்த்துப் பார்த்தே டி டிரைவ் பத்திரமான இடம் என்று மனதில் பதிந்துவிட்டது. ஆனால் பெரும்பாலான லப்டொப்புகளில் சியும் டியும் ஒரே டிஸ்கில் போட்ட இரண்டு கோடுகள், அவ்வளவுதான். ஒரு அலுமாரியின் மேல்தட்டும் கீழ்த்தட்டும் போல. லப்டொப் கீழே விழுந்தால், களவுபோனால், மின்னல் அடித்தால் இரண்டும் சேர்ந்தே போகும்.

நீங்கள் ‘பக்கப்’ (பாதுகாப்புப் பிரதி) என்று எழுதியிருக்கும் வெளி டிஸ்கும் அப்படித்தான். ‘கட்’ செய்து போட்டதால் படங்கள் வீடு மாறின, இரண்டாகவில்லை. சிறிய டிஸ்கிலிருந்து பெரிய டிஸ்குக்குக் குடிபோனதை நாம் பக்கப் என்று சொல்லிக்கொள்கிறோம்.

எப்போதும் செருகியே வைத்திருப்பது நல்லது என்றும் எழுதியிருக்கிறீர்கள். தானாக பக்கப் எடுக்கும் என்ற வகையில் அது வசதி. ஆனால் நம்முடைய சித்திரை, ஐப்பசி இடிமழை லப்டொப்பைத் தாக்கினால் செருகியிருக்கும் டிஸ்கையும் சேர்த்துத்தான் தாக்கும். 2017 மே மாதத்தில் ‘வன்னாகிரை’ என்ற நச்சுநிரல் 150க்கும் மேற்பட்ட நாடுகளில் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது நினைவிருக்கலாம். அந்த வகை நச்சுநிரல்கள் கணினியில் செருகியிருக்கும் வெளி டிஸ்கையும் விட்டுவைப்பதில்லை. கழற்றி அலுமாரியில் வைத்த டிஸ்கைத்தான் அவற்றால் தொடமுடியாது.

தம்பி சொல்லும் கிளவுட்

தம்பி சொல்வதில் பாதி சரி. அந்த 1 ஜிபிக்கு கிளவுட் அருமையான இடம். கூகுள் கணக்கில் 15 ஜிபி இலவசம், ஆனால் ஜிமெயில், படங்கள், மற்றப் பைல்கள் எல்லாம் அந்த 15க்குள்தான். மீதி 179 ஜிபியைப் பற்றித் தம்பி லண்டனில் இருந்துகொண்டு யோசிக்கிறார். உங்கள் வீட்டு இணைப்பில் மேலேற்றும் வேகம் நொடிக்கு 2 மெகாபிட் என்று வைத்தால், 180 ஜிபி ஏறுவதற்கு இடைவிடாமல் 200 மணித்தியாலம், அதாவது எட்டு நாளுக்கு மேல். டேட்டாவுக்கும் இலவச அளவுக்கு மேற்பட்ட இடத்துக்கும் மாதாமாதம் காசு. ஒரு மாதம் கட்டத் தவறினால் என்ன என்ற கவலை வேறு.

அதைவிடப் பெரிய விஷயம், கிளவுட்டில் ‘ஒத்திசைவு’ (போனில் உள்ளதையே அங்கேயும் வைத்திருக்கும் ‘சிங்க்’) ஓடினால் போனில் ஒரு படத்தை அழித்தவுடன் அங்கேயும் அழிந்துவிடும். குப்பைத்தொட்டியில் கொஞ்ச நாள் கிடக்கும், பிறகு போய்விடும். இரண்டு வருடம் யாரும் திறக்காத கணக்கை அழிக்கும் உரிமையையும் கூகுள் தன் விதியில் வைத்திருக்கிறது. பழைய சிம் தொலைந்து, கடவுச்சொல்லும் மறந்து, தன் கணக்குக்குள்ளேயே போகமுடியாமல் என்னிடம் வந்தவர்கள் பலர். அந்தக் கதவை என்னாலும் திறக்கமுடியாது. ஆகவே கடவுச்சொல்லையும், கணக்கைத் திரும்பத் திறக்க கூகுள் தரும் மீட்புக் குறியீடுகளையும் ஒரு தாளில் எழுதி, சான்றிதழ்களோடு வைத்துவிடுங்கள். அந்த 1 ஜிபியைத் தம்பியும் தன்னுடைய கணக்கில் தனியாக ஒரு கொப்பி போட்டுவைக்கட்டும். அது பணச் செலவில்லாத உதவி, அவரும் மகிழ்ச்சியாகச் செய்வார்.

கடையில் சொன்ன எஸ்எஸ்டி பற்றி: சுழலும் தட்டு இல்லாததால் விழுந்தால் தாங்கும், வேகமும் அதிகம். ஆனால் ‘ஆயுளுக்கும்’ என்பது பிழை. எஸ்எஸ்டி தகவலை மின்னேற்றமாகத்தான் வைத்திருக்கிறது. கரண்ட் இல்லாமல் வருடக்கணக்கில் வெக்கையில் கிடந்தால் அது மெல்லக் கசியும். காசு இருந்தால் எஸ்எஸ்டியை லப்டொப்புக்குள்ளே போடுங்கள், பழைய லப்டொப்புக்கு உயிர் வரும். அலுமாரியில் வைப்பதற்குச் சாதாரண ஹாட் டிஸ்க் போதும்.

இரண்டு டிஸ்க், இரண்டு வீடு

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே. பீட்டர் குரோக் என்ற படப்பிடிப்பாளர் பரப்பிய விதி இது, உலகம் முழுக்கச் சொல்கிறார்கள். உங்களுக்கு நான் அதை விளக்கவேண்டிய தேவையே இல்லை. உங்கள் அப்பாவின் படம் ஏன் இன்றைக்கு இருக்கிறது? ஒரு பிரதி கனடாவில் இருந்ததால். வன்னியில் எத்தனையோ வீடுகளில் மிஞ்சிய படம் எல்லாமே யாரோ ஒரு சொந்தக்காரர் வீட்டில் இருந்த படம்தான். 2018 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு என்னிடம் லப்டொப்பும் பக்கப் டிஸ்கும் ஒன்றாக வந்தன, இரண்டும் ஒரே அலுமாரியின் கீழ்த்தட்டில் நனைந்தவை. அந்த அம்மா டிஸ்கைத் துணியால் துடைத்துத் துடைத்து மேசையில் வைத்தது இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது.

செலவைக் குறைத்து இப்படிச் செய்யலாம். இப்போது 1 டிபி டிஸ்க் ஒன்று மட்டும் புதிதாக வாங்குங்கள், உத்தரவாதச் சீட்டோடு. சந்தையில் மிக மலிவாக ‘2 டிபி பென்டிரைவ்’ விற்கிறார்கள், அதன் பக்கமே போகவேண்டாம். உள்ளே இருப்பது சில ஜிபி மட்டும், நிரம்பியபின் போடுவதெல்லாம் காற்றில் போகும். பழைய டிஸ்கில் இருந்து எல்லாம் புதியதுக்கு வந்த பிறகு, இரண்டு ஃபோல்டரிலும் வலது கிளிக் செய்து ‘புரொப்பட்டீஸ்’ பாருங்கள். பைல் எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றாக இருக்கவேண்டும். அது போதாது, அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பத்துப் படங்கள், ஒரு வீடியோ, அம்மாவின் குரல், இவற்றை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். அம்மாவின் குரலைக் கடைசி நிமிடம் வரை ஓடவிட்டுக் கேளுங்கள்.

அதன் பிறகுதான் பழைய டிஸ்கின் விசாரணை. ‘கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ’ என்ற இலவச மென்பொருள் டிஸ்கின் உடல்நிலையைச் சொல்லும். நீல நிறத்தில் நல்லது என்று காட்டி, கொப்பியும் தடங்கலில்லாமல் வந்திருந்தால், பழுது பெரும்பாலும் அட்டவணையில் மட்டும்தான். அப்போது தாராளமாக ஃபோர்மட் செய்து, புதியதிலிருந்து திரும்ப எல்லாவற்றையும் கொப்பி பண்ணி இரண்டாவது டிஸ்காக வைத்துக்கொள்ளலாம். மஞ்சள் காட்டினால் அதை அழிக்காமல் அப்படியே ஓய்வு கொடுத்துவிட்டு, அடுத்த தவணைக்குள் இன்னொன்று வாங்குங்கள்.

பிளாஸ்டர் துண்டில் ‘1’, ‘2’ என்று பேனையால் எழுதி ஒட்டுங்கள். ஒன்று உங்கள் வீட்டில், மேல்தட்டில், காற்றுப்புகாத டப்பாவில். மற்றது வவுனியாவில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, மச்சாள் வீடு, அங்கே. ஒவ்வொரு தவணை விடுமுறைக்கும் போகும்போது வீட்டில் இருப்பதைக் கொண்டுபோய்க் கொடுத்து, அங்கே இருப்பதை வாங்கிவந்து புதிய படங்களைச் சேருங்கள். வருடத்தில் மூன்று தடவை, உங்களுக்கு அதைவிட நல்ல நாட்காட்டி கிடைக்காது. பாடக்குறிப்பு, வினாத்தாள் போன்ற அன்றாட வேலைக்கு விண்டோஸில் ‘ஃபைல் ஹிஸ்டரி’ என்ற, தானாகக் கொப்பி எடுக்கும் வசதி இருக்கிறது. சனிக்கிழமைதோறும் டிஸ்கைச் செருகி அதை ஓடவிட்டுக் கழற்றுங்கள். ஆனால் அது டெஸ்க்டொப், டொக்கியுமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற வழக்கமான ஃபோல்டர்களை மட்டும்தான் தானாக எடுக்கும். டி டிரைவில் வைத்திருக்கும் ஃபோல்டரை நீங்களே சேர்த்துவிடவேண்டும். இதை அறியாமல் இரண்டு வருடம் வெறும் பக்கப் எடுத்தவர்கள் உண்டு.

உங்கள் லப்டொப் விண்டோஸ் 10 என்றால், அதற்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஓடு முடிந்தது. 11க்கு மாறுவது நல்லதுதான், ஆனால் மேலே சொன்னதெல்லாம் முடிந்த பிறகு.

ஸ்கேனும் அசலும், பூட்டும் கடையும்

காணிப் பெர்மிட்டை ஸ்கேன் செய்துவிட்டதால் அசல் போனாலும் கவலையில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி நினைக்கவேண்டாம். அலுவலகத்தில் கேட்பது அசலை அல்லது உறுதிப்படுத்திய பிரதியை. ஸ்கேனின் பயன் வேறு: இலக்கமும் திகதியும் அதில் இருப்பதால், அசல் தொலைந்தால் பிரதேச செயலகத்திலோ காணிப் பதிவகத்திலோ பிரதி கேட்டு விண்ணப்பிப்பது இலகுவாகும். காணியின் சட்டநிலை பற்றிய சந்தேகத்தை ஒரு சட்டத்தரணியிடம் கேளுங்கள், அது என் துறை இல்லை.

மச்சாள் வீட்டில் வைக்கும் டிஸ்கில் அடையாள அட்டையும் பெர்மிட்டும் திறந்தபடி இருக்கலாமா என்ற உங்கள் தயக்கம் நியாயம். அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் கடவுச்சொல் போட்டுப் பூட்டுங்கள். ‘செவன்-ஸிப்’ என்ற இலவச மென்பொருள் போதும். டிஸ்க் முழுவதையும் பூட்டச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். என் கருத்து, படங்களுக்குப் பூட்டு வேண்டாம். கடவுச்சொல் மறந்தால் உடைக்க வழியே இல்லாத பூட்டு அது, நாளைக்கு உங்கள் பிள்ளைகள் திறக்கவேண்டியவை அந்தப் படங்கள்.

டிஸ்கை எப்போதாவது கடையில் கொடுக்க நேர்ந்தால், ‘அனுமதியின்றி ஃபோர்மட் செய்யக்கூடாது’ என்று பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். பழுது பார்க்கக் கொடுப்பது உங்கள் படங்களைப் பார்க்கக் கொடுப்பது ஆகாது. அனுமதியில்லாமல் தகவலை எடுப்பது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ் குற்றம். இதைக் கேட்பதற்குக் கூச்சப்படவேண்டாம், நேர்மையான கடைக்காரர் கோபிக்கமாட்டார்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. சித்தி வட்ஸ்அப்பில் படமாக அனுப்பியிருக்கிறார். வட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். உங்களிடம் இருப்பது அசல் ஸ்கேன் இல்லை, அதன் நிழல். சித்தியிடம் அந்தப் படங்கள் இன்னும் இருந்தால், 600 டிபிஐயில் (ஒரு அங்குலத்துக்கு 600 புள்ளி) திரும்ப ஸ்கேன் செய்து, ‘டொக்கியுமென்ட்’ ஆக அல்லது மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள். அந்தக் காலத்து ஆட்கள் அங்கேதான் திகதி எழுதுவார்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரோடு போனில் இருந்து, ஒவ்வொரு படமாகப் பார்த்து, இடப்பக்கத்திலிருந்து யார் யார், எந்த வீடு, யாருடைய கலியாணம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முடிந்தால் அந்தக் கதையைப் பதிவும் செய்யுங்கள். அந்தப் பெயர்கள் இப்போது சித்தியின் நினைவில் மட்டும்தான் இருக்கின்றன. அவற்றுக்கு இன்னும் ஒரு கொப்பி கூட எடுக்கவில்லை.